மூன்று பட்டியல், ஒரே இட்டரேட்டர்: காசிமேட்டு மீன் கணக்கை வைத்து ஒரு செய்முறை

காசிமேட்டில் ஒரு மீன் கமிஷன் கடைக்குக் கணக்கு புரோகிராம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குச் சரக்கு மூன்று வழியில் வருகிறது: ஃபைபர் படகு, விசைப்படகு, வெளியூர் லாரி. ஃபைபர் படகு வரவைக் கணக்குப்பிள்ளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிவரியாகப் போட்டு வைக்கிறார். விசைப்படகு வரவு உங்கள் புரோகிராமுக்குள்ளேயே ஒரு லிஸ்ட்டாக இருக்கிறது. லாரிச் சரக்கு டேட்டாபேஸில் ஒரு டேபிளில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பிரிவெல்லாம் முதலாளிக்கு எதற்கு? "இன்னிக்கு மொத்தம் எவ்ளோ வந்துச்சு, எந்த நேரத்துல எது வந்துச்சு, ஒரே பட்டியலா குடுப்பா" என்கிறார்.

அந்த ஒரே பட்டியலை எப்படிக் கொடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. லிஸ்ட், ஃபைல், டேபிள் போலப் பலவற்றைச் சேர்த்து வைத்திருப்பது கலெக்‌ஷன்; அதிலிருந்து ஒன்றொன்றாக எடுத்துத் தருவது இட்டரேட்டர். மூன்று கலெக்‌ஷன்களின் இட்டரேட்டர்களை ஒன்றாக்கி, உள்ளே மூன்று இருப்பதே வெளியில் தெரியாதபடி ஒரு கிளாஸ் எழுதப் போகிறோம். ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் சாயங்கால வகுப்புகளில் ஜாவாவும் பைத்தானும் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நான் கட்டாயம் நடத்துவேன். இன்டர்ஃபேஸ், பாலிமார்ஃபிசம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததெல்லாம் எதற்கு என்று இதை எழுதிப் பார்க்கும்போதுதான் பலருக்கும் பிடிபடுகிறது.

குறியீட்டை இங்கே தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ஜாவாவிலோ பைத்தானிலோ சி ஷார்ப்பிலோ வரிக்கு வரி மாற்றிக்கொள்ளலாம். லூப், கிளாஸ், லிஸ்ட் இவை தெரிந்திருந்தால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே லிஸ்ட்டில் கொட்டிவிட்டால் என்ன?

எந்த வகுப்பிலும் முதலில் வரும் கேள்வி இது. "அண்ணா, மூணு லிஸ்ட்டையும் புதுசா ஒரு லிஸ்ட்ல கொட்டிட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்ளோ வேலை?" நியாயமான கேள்வி. ஒரு நாள் கணக்கு, நூறு இருநூறு வரிதான் என்றால் தாராளமாகக் கொட்டுங்கள். தேவையில்லாத இடத்தில் கிளாஸ் எழுதுவதும் ஒரு கெட்ட பழக்கம்தான்.

கொட்டுவது சரிப்படாத இடங்கள் வேறு. பத்து வருடத்து லாரிக் கணக்கு டேட்டாபேஸில் இருக்கிறது, அதில் முதல் இருபது வரிதான் வேண்டும் என்றால், இருபதுக்காக லட்சக்கணக்கான வரிகளை மெமரியில் ஏற்றுவது வீண். ஃபைபர் படகு ஃபைலில் இன்னும் வரவு விழுந்துகொண்டே இருக்கிறது என்றால், எந்தக் கணத்தில் நகல் எடுப்பீர்கள்? இட்டரேட்டர்களை ஒட்டும்போது தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது; கேட்கும்போது ஒன்று வருகிறது, கேட்காததைத் தொடுவதே இல்லை. கொட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

முதல் படி: இட்டரேட்டர் என்ன வாக்குக் கொடுக்கிறது?

கலெக்‌ஷன் வேறு, இட்டரேட்டர் வேறு. லிஸ்ட் என்பது தரவு. இட்டரேட்டர் என்பது அந்தத் தரவில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று நினைவு வைத்திருக்கும் தனி ஆப்ஜெக்ட். ஒரே லிஸ்ட்டின் மேல் ஒரே நேரத்தில் இரண்டு இட்டரேட்டர் ஓடலாம். ஒன்றின் இடம் மற்றதைப் பாதிக்காது. ஒரு தடவை முடிவு வரை ஓடிய இட்டரேட்டர் அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து வேண்டுமென்றால் கலெக்‌ஷனிடம் புதிதாக ஒன்று கேட்க வேண்டும்.

இந்த யோசனை பழசு. 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் தன் மாணவர்களோடு உருவாக்கிய சி.எல்.யு. மொழியிலேயே இட்டரேட்டர் உண்டு. ஜாவாவில் ஆரம்பத்தில் எனுமரேஷன் என்று ஒன்று இருந்தது. 1998இல் வந்த 1.2 பதிப்பில்தான் இன்று நாம் பயன்படுத்தும் இட்டரேட்டர் இன்டர்ஃபேஸ் வந்தது. பைத்தானில் 2001இல், 2.2 பதிப்பில்.

நமக்கு வேண்டியது இரண்டு மெத்தட்:

உண்டா() – இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும்.
எடு() – அடுத்ததைக் கொடுத்துவிட்டு ஓர் இடம் நகரும். மிச்சம் இல்லாவிட்டால் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியும்.

ஜாவாவில் இவை ஹேஸ்நெக்ஸ்ட், நெக்ஸ்ட். பைத்தானில் நெக்ஸ்ட் மட்டும்தான். தீர்ந்துபோனால் ஸ்டாப்இட்டரேஷன் என்ற எக்ஸெப்ஷன் வரும், அதுவே முடிவுக்கு அடையாளம்.

எழுதாத ஒரு விதியும் இதில் இருக்கிறது. உண்டா() என்று பத்து தடவை கேட்டாலும் ஒரு பொருள்கூடக் காணாமல் போகக் கூடாது. அதேபோல உண்டா() கேட்காமலே நேராக எடு() கேட்டாலும் சரியாக வர வேண்டும். புதியவர்கள் எழுதும் இட்டரேட்டர்களில் பாதி இந்த இரண்டில் ஒன்றில்தான் விழுகின்றன, ஏனென்றால் எழுதியவர் சோதிக்கும் லூப்பில் உண்டா(), எடு(), உண்டா(), எடு() என்று ஒழுங்காக மாறி மாறி வரும். அடுத்தவர் அப்படித்தான் கூப்பிடுவார் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இரண்டாம் படி: எந்த வரிசையில் வேண்டும்?

குறியீடு எழுதுவதற்கு முன்னால் முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. மூன்றையும் சேர்த்துக் கொடு என்பதற்கு நான்கு அர்த்தம் இருக்கலாம். ஃபைபர் முழுவதும், பிறகு விசைப்படகு முழுவதும், பிறகு லாரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வேண்டுமா? மூன்றும் கலந்து நேர வரிசையில் வேண்டுமா? ஃபைபரில் ஒன்று, விசைப்படகில் ஒன்று, லாரியில் ஒன்று என்று சுற்று முறையில் வேண்டுமா? அல்லது எடைப் பட்டியல் ஒருபுறம், விலைப் பட்டியல் மறுபுறம் இருந்து, இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டுமா? நான்குக்கும் கிளாஸ் வேறு. மொத்த எடை மட்டும் கூட்டுவதற்கு முதல் வகை போதும். அதுதான் எளிது, ஆனால் நிறைய பேர் தவறுவதும் அதில்தான். அதனால் அதில் கொஞ்சம் நின்று போவோம்.

மூன்றாம் படி: ஒன்றன்பின் ஒன்றாக

```
கிளாஸ் தொடர்இட்டரேட்டர் : இட்டரேட்டர்
    மூலங்கள்    // ஒட்ட வேண்டிய இட்டரேட்டர்களை (ஒவ்வொன்றும் ஒரு மூலம்) ஒன்றொன்றாகத் தரும் ஓர் இட்டரேட்டர்
    நடப்பு = காலி இட்டரேட்டர்

    மெத்தட் உண்டா()
        நடப்பு.உண்டா() இல்லை என்கிறவரை திரும்பத் திரும்ப:
            மூலங்கள்.உண்டா() இல்லை என்றால்: இல்லை என்று திருப்பு
            நடப்பு = மூலங்கள்.எடு()
        ஆம் என்று திருப்பு

    மெத்தட் எடு()
        உண்டா() இல்லை என்றால்: எக்ஸெப்ஷன் எறி
        நடப்பு.எடு() தருவதைத் திருப்பு
```

முதல் வரியில் நம் கிளாஸும் இட்டரேட்டர்தான் என்று அறிவித்திருப்பதைக் கவனியுங்கள். அதனால் இட்டரேட்டர் கேட்கும் எந்த இடத்திலும் இதைக் கொடுக்கலாம். இதையே இன்னொரு தொடர்இட்டரேட்டருக்கு ஒரு மூலமாகவும் கொடுக்கலாம். மொத்தம் கூட்டும் மெத்தடில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டாம்.

இப்போது உண்டா()வுக்குள் இருக்கும் லூப்பைப் பாருங்கள். அந்த இடத்தில் வெறும் இஃப் போட்டால் போதாதா என்று தோன்றும். "நடப்பு தீர்ந்துவிட்டால் அடுத்ததற்குப் போ, பிறகு அதனிடம் உண்டா என்று கேட்டுச் சொல்" என்று எழுதினால் பெரும்பாலான நாட்களில் சரியாகவே ஓடும். எந்த நாளில் ஓடாது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஃபைபர் படகுகள் கரையோரமாகப் போய் வரும், வெளியூர் லாரியும் வரும். ஆக, ஃபைபர் பட்டியலில் இரண்டு வரவு, விசைப்படகு பட்டியல் காலி, லாரியில் மூன்று வரவு என்று ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இஃப் போட்ட கிளாஸ் ஃபைபரின் சங்கராவையும் நெத்திலியையும் கொடுக்கும். பிறகு உண்டா() கேட்டால், ஃபைபர் தீர்ந்தது என்று விசைப்படகுக்கு நகரும். அதனிடம் கேட்கும். அது காலி, இல்லை என்று சொல்லும். உடனே நம் கிளாஸும் இல்லை என்று சொல்லிவிடும். கூட்டும் லூப் நின்றுவிடும். லாரியின் மூன்று வரவும் கணக்கிலேயே ஏறாது.

எந்த எர்ரரும் அடிக்காது என்பதுதான் இதில் கொடுமை. மார்ச் மாதத்தில் சோதித்து ஒப்படைத்திருப்பீர்கள், மூன்று பட்டியலிலும் சரக்கு இருந்திருக்கும். ஏப்ரல் 15க்குப் பிறகு மொத்தம் குறையும். தடைக்காலம்தானே, குறையத்தான் செய்யும் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். வாரக் கடைசியில் லாரிக்காரருக்குப் பணம் கொடுக்கும்போதுதான் கணக்கு இடிக்கும். நடுவில் எத்தனை மூலம் காலியாக இருந்தாலும் தாண்டிப் போக வேண்டும், அதற்குத்தான் லூப்.

கொசுறாக ஒன்று. ஜாவாவின் இட்டரேட்டரில் ரிமூவ் என்று ஒரு மெத்தட் உண்டு, கடைசியாக எடுத்ததை மூலத்திலிருந்து நீக்குவது. நம் கிளாஸில் எடு() முடிந்து, உண்டா() கேட்டு, பிறகு ரிமூவ் கூப்பிட்டால், இடையில் நடப்பு அடுத்த மூலத்துக்கு நகர்ந்திருக்கலாம். அப்போது நீக்கும் கட்டளை தப்பான பட்டியலுக்குப் போகும். கடைசியாக எந்த மூலத்திலிருந்து எடுத்தோம் என்று தனியாக ஒரு மாறியில் வைத்தால் சரியாகும். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஒட்டிய பட்டியலில் நீக்கும் வேலையே வேண்டாம். 2014இல் வந்த ஜாவா 8 முதல் ரிமூவை நாம் எழுதாமல் விட்டாலே போதும், யாராவது கூப்பிட்டால் அதுவே எக்ஸெப்ஷன் எறிந்துவிடும்.

நான்காம் படி: மூன்றும் ஒரே வகையாக வர வேண்டும்

டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து வருவது ஒரு வரி எழுத்து. லிஸ்ட்டில் இருப்பது ஒரு ஆப்ஜெக்ட். டேட்டாபேஸ் கொடுப்பது ஒரு ரோ. இவற்றை அப்படியே ஒட்டினால், எடுக்கிறவர் ஒவ்வொரு தடவையும் இது வரியா, ஆப்ஜெக்ட்டா, ரோவா என்று இஃப் போட்டுப் பார்க்க வேண்டி வரும். ஒட்டியதன் பலனே போய்விடும்.

வரவு என்று ஒரு கிளாஸ் வையுங்கள்: நேரம், மீன், எடை, விலை. பிறகு மாற்றும் இட்டரேட்டர் ஒன்று எழுதுங்கள். அது உள்ளே ஓர் இட்டரேட்டரையும் ஒரு ஃபங்ஷனையும் வைத்திருக்கும். உண்டா() கேட்டால் உள்ளே இருப்பதையே கேட்கும். எடு() கேட்டால் உள்ளிருந்து எடுத்ததை ஃபங்ஷனில் போட்டு, வெளியே வரும் வரவைத் தரும். நாலே வரி. ஃபைல் வரியைப் பிரிக்கும் அழுக்கு வேலை ஒரு மூலையில் அடங்கிவிடும். நாளைக்குக் கணக்குப்பிள்ளை காற்புள்ளிக்குப் பதில் டேப் போட ஆரம்பித்தாலும் அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் மாற்றினால் போதும்.

ஐந்தாம் படி: நேர வரிசையில் கலப்பது

முதலாளி கேட்ட இரண்டாவது விஷயம், எந்த நேரத்தில் எது வந்தது. ஒவ்வொரு பட்டியலும் தனக்குள் நேர வரிசையில்தான் இருக்கிறது. ஃபைபரில் 4.10க்கு ஒன்று, 5.05க்கு ஒன்று. விசைப்படகில் 3.50, 4.40. லாரியில் 4.10, 4.15. மூன்றின் தலையில் இருப்பதை ஒப்பிட்டு, சின்னதை எடுத்துக் கொடுத்து, எடுத்த பட்டியலில் அடுத்ததை முன்னே கொண்டுவர வேண்டும்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை. ஒப்பிட வேண்டுமென்றால் தலையில் இருப்பதைப் பார்க்க வேண்டும். இட்டரேட்டரில் பார்ப்பதற்கு எடு() தவிர வழியில்லை. எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு மூலத்துக்கும் ஓர் இடம் கொண்ட கையிருப்பு வேண்டும். முதலிலேயே ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுத்துக் கையிருப்பில் வைத்துவிடுகிறோம். அதன்பின் ஒப்பிடுவதெல்லாம் கையிருப்புகளைத்தான். அவற்றை ஹீப்பில் வைப்போம்: மிகச் சிறியது எப்போதும் மேலே நிற்கும்படி தானே ஒழுங்கு செய்துகொள்ளும் அமைப்பு அது.

```
கிளாஸ் நேரவரிசைஇட்டரேட்டர் : இட்டரேட்டர்
    ஹீப்    // (நேரம், மூல எண், வரவு) – நேரம் குறைந்தது மேலே

    உருவாக்கும்போது:
        ஒவ்வொரு மூலத்துக்கும்:
            மூலம்.உண்டா() என்றால் அதிலிருந்து ஒன்றை எடுத்து ஹீப்பில் போடு

    மெத்தட் உண்டா()
        ஹீப் காலி இல்லை என்றால்: ஆம் என்று திருப்பு; காலி என்றால்: இல்லை என்று திருப்பு

    மெத்தட் எடு()
        ஹீப் காலி என்றால்: எக்ஸெப்ஷன் எறி
        (நேரம், எண், வரவு) = ஹீப்பின் மேலே இருப்பதை எடு
        அந்த எண்ணுள்ள மூலத்தில் உண்டா() என்றால்:
            அடுத்ததை எடுத்து ஹீப்பில் போடு
        வரவைத் திருப்பு
```

மேலே சொன்ன நேரங்களை ஒரு தாளில் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஹீப்பில் முதலில் 4.10, 3.50, 4.10 நிற்கும். 3.50 வெளியே போகும், அந்த இடத்துக்கு விசைப்படகின் 4.40 வரும். இப்போது இரண்டு 4.10 மோதுகின்றன. எது முதலில்? அதற்குத்தான் மூல எண்ணையும் உள்ளே வைத்தோம்: ஃபைபருக்கு 0, விசைப்படகுக்கு 1, லாரிக்கு 2. நேரம் சமமானால் எண் சிறியது முதலில். மூல எண்ணை விட்டுவிட்டால், பைத்தானில் நேரம் சமமாக வரும்போது அது வரவு ஆப்ஜெக்ட்டுகளையே ஒப்பிடப் போகும். வரவு கிளாஸில் ஒப்பிடும் முறை எழுதாமல் இருந்தால் டைப்எர்ரர் அடிக்கும். அதுவும் இரண்டு நேரம் மோதும் நாளில் மட்டும்.

மூன்று பட்டியலுக்கு ஹீப் கட்டாயமில்லை; மூன்றையும் நேராக ஒப்பிட்டுவிடலாம். ஐம்பது படகுக்கு ஐம்பது பட்டியல் என்று போகும்போதுதான் ஹீப்பின் அருமை தெரியும். ஒவ்வொரு எடுப்புக்கும் ஐம்பதையும் பார்க்க வேண்டாம், ஆறு ஏழு மட்டத்தில் வேலை முடியும். வரவு எத்தனை லட்சமானாலும், கிளாஸ் கையில் வைத்திருப்பது மூலத்துக்கு ஒன்றுதான்.

இந்த வகைக்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை மறக்கவே கூடாது: ஒவ்வொரு மூலமும் ஏற்கெனவே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்று கலைந்திருந்தாலும் முடிவு கலைந்துதான் வரும், கிளாஸ் வாய் திறக்காது. காசிமேட்டுக் கணக்கில் இது எங்கே வெடிக்கும் தெரியுமா? விடியற்காலை ஏலத்துக்கான லாரி முதல் நாள் இரவு 11.40க்கே வந்து நிற்கும். நேரத்தை மட்டும் பதிவு செய்தால் 23.40 என்பது 3.50க்குப் பின்னால் போய்விடும். லாரிப் பட்டியலின் தலையில் 23.40 உட்கார்ந்துகொண்டு, அதன் பின்னால் இருக்கும் 4.10, 4.15 எல்லாவற்றையும் கடைசிவரை மறித்து நிற்கும். தேதியையும் நேரத்தையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போது ஆர்டர் பை (வரிசைப்படுத்தச் சொல்லும் கட்டளை) போட்டிருக்கிறீர்களா என்றும் ஒரு தடவை பாருங்கள். போடாவிட்டால் ரோக்கள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

சுற்று முறையும் ஜோடி முறையும்

சுற்று முறைக்கு ஒரு க்யூ (முன்னால் எடுத்து, பின்னால் சேர்க்கும் வரிசை) போதும். முன்னால் நிற்கும் மூலத்தை எடுங்கள். அதில் இருந்தால் ஒன்று எடுத்துக் கொடுத்து, மூலத்தைப் பின்னால் சேருங்கள். இல்லாவிட்டால் வரிசையிலிருந்தே விலக்குங்கள். உண்டா() கேட்டால், முன்னால் நிற்கும் காலி மூலங்களைத் தள்ளிவிட்டு க்யூவில் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இங்கேயும் இஃப் இல்லை, லூப்.

ஜோடி முறையில் ஒரே கேள்விதான். எடைப் பட்டியலில் பன்னிரண்டு, விலைப் பட்டியலில் பதினொன்று என்றால் என்ன செய்வது? ஜோடி சேர்க்கும் பைத்தானின் ஜிப் சத்தமில்லாமல் பதினொன்றோடு நின்றுவிடும். பணக் கணக்கில் அதை ஏற்கவே கூடாது. ஒரு பெட்டி வஞ்சிரம் விலையில்லாமல் போகும். 2021இல் வந்த பைத்தான் 3.10 முதல் ஜிப்புக்கு ஸ்ட்ரிக்ட் என்று ஒரு தேர்வு உண்டு; நீளம் பொருந்தாவிட்டால் எக்ஸெப்ஷன் எறியும். கணக்கு சம்பந்தப்பட்ட இடத்தில் எப்போதும் அதைப் போடுங்கள். நீங்களே எழுதினாலும், ஒன்று தீர்ந்து மற்றது தீராமல் இருந்தால் எக்ஸெப்ஷன் என்றே எழுதுங்கள்.

திறந்ததை யார் மூடுவது?

லிஸ்ட்டை மூட வேண்டியதில்லை. ஃபைலையும் டேட்டாபேஸ் கனெக்‌ஷனையும் மூட வேண்டும். மொத்தம் கூட்டுகிறவர் கடைசிவரை ஓடுவார். முதல் இருபது மட்டும் கேட்டவர் பாதியில் போய்விடுவார். தீர்ந்ததும் மூடலாம் என்று எழுதியிருந்தால் இரண்டாமவருக்கு எதுவுமே மூடப்படாது. அதனால் ஒட்டிய கிளாஸுக்கும் மூடு() என்று ஒரு மெத்தட் வைத்து, அது எல்லா மூலங்களையும் மூடட்டும். ஒன்றை மூடும்போது எக்ஸெப்ஷன் வந்தாலும் மற்றவற்றை மூடாமல் விட்டுவிடக் கூடாது. ஜாவாவில் ட்ரை வித் ரிசோர்சஸ், பைத்தானில் வித் என்று இதற்கான வசதி இருக்கிறது, இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது விசைப்படகு லிஸ்ட்டில் புது வரவைச் சேர்த்தால்? ஜாவாவின் அர்ரேலிஸ்ட் பெரும்பாலும் கன்கரன்ட்மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் எறிந்து காட்டிக்கொடுத்துவிடும். பைத்தான் லிஸ்ட் ஒன்றும் சொல்லாமல் ஓடும். நடுவிலிருந்து ஒன்றை நீக்கினால் அடுத்ததைத் தாண்டியும் போகும். மாற்றம் வரும் என்று தெரிந்தால், அந்த ஒரு மூலத்துக்கு மட்டும் நகல் எடுத்து இட்டரேட்டர் கொடுங்கள்.

சோதனை

எழுதி முடித்ததும் முதலாளியிடம் காட்டுவதற்கு முன்னால் இவற்றை ஓட்டிப் பாருங்கள். மூலமே இல்லை. ஒரே மூலம், அதுவும் காலி. மூன்றில் முதலாவது மட்டும் காலி, பிறகு நடு மட்டும், பிறகு கடைசி மட்டும். நடுவில் அடுத்தடுத்து இரண்டு காலி. உண்டா()வை மூன்று தடவை கேட்டுவிட்டு எடு(). உண்டா() கேட்காமலே வெறும் எடு() எடு() எடு(). தீர்ந்தபின் எடு(): எக்ஸெப்ஷன் வர வேண்டும், நல் (எதுவும் இல்லை என்ற வெற்று மதிப்பு) திரும்பக் கூடாது. நேர வரிசைக்கு, மூன்று மூலத்திலும் ஒரே நேரம்.

ரெடிமேடாக இருப்பவை

பைத்தானில் இட்டர்டூல்ஸ் தொகுப்பில் இருக்கும் செயின், ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும். 2003 முதல், 2.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. நேர வரிசைக்கு ஹீப்க்யூ தொகுப்பின் மெர்ஜ், 2008இன் 2.6 பதிப்பிலிருந்து. பி.எச்.பி.யில் அப்பென்ட்இட்டரேட்டர் ஒட்டுவதற்கு, மல்டிபிள்இட்டரேட்டர் இணையாக ஓட்டுவதற்கு. சி ஷார்ப்பில் கான்கேட், ஜிப். வேலைக்குப் போன இடத்தில் இவற்றையே பயன்படுத்துங்கள். கையால் ஒரு தடவை எழுதியவருக்கு இவை உள்ளே என்ன செய்கின்றன என்று தெரிந்திருக்கும்.

ஜாவாவின் ஸ்ட்ரீம் கான்கேட்டில் மட்டும் ஜாக்கிரதை. அது இரண்டைத்தான் ஒட்டும். மூன்றாவதை ஒட்ட, ஒட்டியதோடு மறுபடி ஒட்ட வேண்டும். மூன்றுக்குப் பரவாயில்லை; படகுக்கு ஒரு பட்டியல் என்று லூப்பில் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டே போனால், ஒரு வரவை எடுக்கக் கூப்பிடுதலுக்குள் கூப்பிடுதலாக அடியாழம் போய் ஸ்டாக் (கூப்பிடுதல்களை அடுக்கி வைக்கும் மெமரி) நிரம்பி வழியும். ஜாவாவின் சொந்த ஆவணமே இதை எச்சரிக்கிறது. நிறைய மூலம் இருந்தால், எல்லாவற்றையும் ஒரு லிஸ்ட்டில் வைத்து ஃபிளாட்மேப் (ஒவ்வொன்றையும் பிரித்து ஒரே ஓட்டமாக்குவது) போடுங்கள். அல்லது மேலே எழுதிய தொடர்இட்டரேட்டரையே பயன்படுத்துங்கள்; அது ஒரே மட்டத்தில் நகர்வதால், மூலம் எத்தனை ஆயிரமானாலும் ஸ்டாக்கின் ஆழம் கூடாது.